முடிவுறாத பேராலயமும் முகமறியா உழைப்பாளரும்

நம் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டிகளிலும் செபப் புத்தகங்களின் அட்டைகளிலும் உரோமைப் புனித பேதுரு பேராலயத்தைப் பலமுறை கண்டிருக்கிறோம். வானளாவிய குவிமாடம், விரித்த கரங்களைப் போன்ற தூண் வரிசைகள், முற்றத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக்கல் தூண் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நம் மனத்தில் பதிந்துள்ள பேராலயம். அது என்றென்றும் அப்படியே இருந்தது போன்றதொரு மயக்கத்தை அப்படங்கள் நமக்குள் விதைத்துவிட்டன. ஆனால் குவிமாடம் எழாமல், பாதிச் சுவரும் பாதி வெட்டவெளியுமாக அந்த ஆலயம் நின்ற காலம் ஒன்று உண்டு. அதை அந்த நிலையில் மட்டுமே கண்டு கண்மூடிய தலைமுறைகளும் உண்டு. அந்த நிலையைக் காட்டும் பழைய அச்சுப்படம் ஒன்றை நாம் இங்கே சற்று நிதானமாகப் பார்ப்பது பயன் தரும்.

தல்மாத்தியா நாட்டிலிருந்து உரோமைக்கு வந்து வாழ்ந்த நத்தாலே பொனிஃபாசியோ என்னும் செதுக்குக் கலைஞர், ஜொவான்னி குவெர்ரா வரைந்த ஓவியத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி 1586-இல் வெளியிட்ட படம் அது. பரோக் கலை என்று பின்னாளில் பெயர் பெற்ற பேரெழுச்சி உரோமையில் அரும்பிய காலம் அக்காலம். செப்புத்தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் கீறி, கீறலில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது இக்கலையின் முறை. ஓவியம் ஒருவர் இல்லத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும். அச்சுப்படமோ நூற்றுக்கணக்கில் பெருகி, உரோமையைக் கண்ணால் காணாதவர் கைக்கும் சென்று சேரும். அந்நாளில் திருத்தந்தையரின் கட்டடப் பணிகளை ஐரோப்பா அறிந்துகொண்டது பெரிதும் இத்தகைய தாள்களின் வழியேதான்.

படத்தில் காண்பது என்ன?

படத்தின் பொருள் பேராலயக் கட்டடப் பணியன்று. கல் ஒன்றைப் பெயர்க்கும் பணி. இன்று பேராலய முற்றத்தில் நிற்கும் ஒற்றைக்கல் தூண் எகிப்திலிருந்து உரோமைப் பேரரசர் கலிகுலாவின் காலத்தில் கொண்டுவரப்பட்டது. செந்நிறக் கிரானைட் கல்லாலான அது, ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 330 டன் எடையும் உடையது. நீரோவின் காலத்தில் பேதுரு சிலுவையில் அறையுண்ட திடலில் அது நின்றது என்பது தொன்மையான மரபு. எனவே அதனைத் திருத்தூதருடைய மரணத்தின் ஊமைச் சாட்சி என்று மக்கள் கருதி வந்தனர். ஆலயத்தின் தென்புறம் ஒதுங்கி நின்ற அத்தூணை முற்றத்தின் நடுவே நிறுத்த விரும்பிய திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ், அப்பொறுப்பைத் தொமேனிக்கோ ஃபொந்தானா என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார்.

படத்தின் நடுவே தூணைக் கவ்வி நிற்கும் மாபெரும் மரக்கோபுரம். அதன் உச்சியிலுள்ள கப்பிகளிலிருந்து வடங்கள் நாற்புறமும் விரிந்து இறங்குகின்றன. ஒவ்வொரு வடமும், தரையில் நட்ட ஒரு மர உருளையில் சென்று சுற்றிக்கொள்கிறது. செக்கைச் சுற்றும் மாடுகளைப் போல ஆட்களும் குதிரைகளும் அவ்வுருளைகளைச் சுற்றிவர, வடம் சிறிது சிறிதாக இறுகுகிறது. 1586 ஏப்ரல் 30 அன்று தூணைப் பெயர்த்தபோது இத்தகைய உருளைகள் 40, குதிரைகள் 75, ஆட்கள் ஏறத்தாழ 900. செப்டம்பர் 10 அன்று அதைப் புதிய இடத்தில் நிறுத்தியபோது குதிரைகள் 140, ஆட்கள் 800. இக்கணக்குகளை ஃபொந்தானாவே 1590-இல் தாம் வெளியிட்ட நூலில் எழுதி வைத்தார். அந்நூலின் படங்களையும் பொனிஃபாசியோவே செதுக்கினார்.

இத்தனை ஆரவாரத்துக்கும் பின்னால், படத்தின் பின்புலத்தில் நிற்பதைத்தான் நாம் தேடிப் பார்க்கவேண்டும். தலையில்லா உடல்போல ஒரு பெருங்கட்டடம் அங்கே எழுந்து நிற்கிறது. குவிமாடத்தைத் தாங்க வேண்டிய வட்டச்சுவர் தூண்களோடும் சாளரங்களோடும் இருக்கிறது; அதற்குமேல் வானம்தான். அதுவே பேதுரு பேராலயம்.

1506 ஏப்ரல் 18 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜூலியுஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். பிரமாந்தே தொடங்கியதை ஒருவர்பின் ஒருவராகப் பலர் மாற்றி வரைந்தனர். எழுபது வயதைத் தாண்டிய மிக்கேலாஞ்சலோ அப்பொறுப்பை ஏற்று, அந்த வட்டச்சுவர் எழும் காலம்வரை உழைத்து, 1564-இல் இறந்தார். குவிமாடத்தை அவர் காணவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சுவர் அப்படியே வெயிலிலும் மழையிலும் நின்றது. ஜாக்கொமோ தெல்லா போர்த்தாவும் இதே ஃபொந்தானாவும் சேர்ந்து 1588-க்கும் 1590-க்கும் இடையே, ஏறத்தாழ 22 மாதங்களில், குவிமாடத்தை எழுப்பினர். ஆலயம் முழுவதும் நிறைவுற்று, திருத்தந்தை எட்டாம் உர்பான் அதை அர்ச்சித்தது 1626 நவம்பர் 18 அன்று. அடிக்கல்லிலிருந்து அர்ச்சிப்புவரை 120 ஆண்டுகள். முடிவே இல்லாமல் நீளும் வேலையைக் குறிக்க ‘புனித பேதுருவின் கட்டட வேலை’ என்று சொல்லும் வழக்கு இத்தாலிய மக்களிடையே இன்றும் உண்டு.

இந்த நீண்ட இடைவெளியில் வழிபாடு நின்றுவிடவில்லை என்பது கருதத்தக்கது. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துப் பழைய ஆலயத்தின் முற்பகுதி இடிபடாமல் இருந்தது. 1538-இல் பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவரை எழுப்பினர். சுவரின் ஒருபுறம் திருப்பலியும் திருப்பயணிகளும். மறுபுறம் சுண்ணாம்பும் கல்லும். புதிய ஆலயம் எழும்வரை தகரக் கொட்டகையில் திருப்பலி கண்ட நம் பங்கு மக்களுக்கு இந்நிலை அந்நியமானதன்று. கட்டி முடித்த பின்னரே ஆலயம் ஆலயமாகிறது என்றால், அந்தக் கொட்டகையில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளை எந்த ஆலயத்தின் பிள்ளைகள் என்போம்?

பேசாத தொள்ளாயிரம் பேர்

ஒரு படத்தை மதிப்பிடும்போது அது காட்டுவதைப் போலவே காட்டாததையும் கேட்டாகவேண்டும். இப்படம் உழைப்பாளரைக் காட்டுகிறது. அதுவே அக்காலத்தில் அரிது. ஆயினும் எப்படிக் காட்டுகிறது? மரக்கோபுரத்தின் ஒவ்வொரு சட்டமும் துல்லியமாக இருக்கிறது; வடம் செல்லும் வழியை விரலால் தொடரலாம். ஆனால் வடத்தை இழுப்பவர் எறும்பு வரிசையாகத்தான் இருக்கிறார். ஒருவர் முகத்துக்கும் மற்றவர் முகத்துக்கும் வேறுபாடு இல்லை. ஃபொந்தானாவின் நூலில் பொறியின் உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டு விளக்கம் தரப்பட்டுள்ளது. அதை இயக்கிய மனிதருக்கு அத்தகைய குறி இல்லை. படத்தின் நாயகர்கள் கல்லும் பொறியும், அவற்றுக்குப் பின்னால் கட்டடக் கலைஞரும் திருத்தந்தையுமே.

அந்நாளில் நடந்ததை ஃபொந்தானா எழுதியபடி அறிந்தால் இந்த மௌனத்தின் ஆழம் விளங்கும். விடியலில் தூய ஆவியாரின் திருப்பலி நிறைவேறியது. பணியாளர் அனைவரும் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை பெற்றிருந்தனர். ஆணைகளும் அறிவிக்கப்பட்டிருந்தன. வேலியைத் தாண்டி உள்ளே நுழைவோருக்கு மரண தண்டனை. பணி நடக்கையில் எவரும் உரக்கப் பேசலாகாது. எக்காளம் ஒலித்தால் வடத்தை இழுக்கவேண்டும். மணி ஒலித்தால் நிறுத்தவேண்டும். நாற்பது உருளைகளும் ஒருங்கே இயங்காவிடில் கல் சாய்ந்துவிடும் என்பதால் இந்த ஒழுங்கு தேவையாயிற்று. அதைக் குறை கூறுவதற்கில்லை. தேர் வடம் பிடித்தவர் எவரும் ஒரே குரலுக்கு இசையவேண்டிய தேவையை அறிவர்.

ஆயினும் மக்கள் மனம் அந்த மௌனத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. காலப்போக்கில் ஒரு கதை பிறந்தது. தூணை உயர்த்தும்போது வடங்கள் சூடேறி அறுபடும் நிலைக்கு வந்தனவாம். அங்கிருந்த ஒரு மாலுமி, மரண தண்டனையையும் பொருட்படுத்தாமல், வடங்களை நீரால் நனைக்குமாறு கூவினாராம். வடம் நனைந்து இறுகி, கல் காப்பாற்றப்பட்டதாம். திருத்தந்தை அவரைத் தண்டிப்பதற்கு மாறாக, குருத்து ஞாயிறுக்கு வத்திக்கானுக்குக் குருத்தோலை வழங்கும் உரிமையை அவர் குடும்பத்துக்கு அளித்தாராம். ஃபொந்தானாவின் விரிவான நூலில் இந்நிகழ்ச்சி இல்லை. இது வரலாறன்று, செவிவழிக் கதையே. ஆனால் இக்கதை ஏன் பிறந்தது, ஏன் இத்தனை நூற்றாண்டுகள் வாழ்ந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. தொள்ளாயிரம் பேர் உழைத்த இடத்தில் ஒருவர் குரலாவது கேட்கவேண்டும் என்று மக்கள் விரும்பினர். வடத்தின் இயல்பு வரைந்தவரைவிட இழுத்தவருக்கே நன்கு தெரியும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அச்சுப்படம் சொல்லாமல் விட்டதை மக்கள் கதையாகச் சொல்லி நிரப்பினர். ஒரு கலைப்படைப்பின் குறையை இதனினும் நயமாகச் சுட்டிய விமரிசனம் வேறில்லை.

கட்டாததைக் கட்டியதாகக் காட்டும் படம்

இந்தக் குறையோடும் பொனிஃபாசியோவின் படத்தை நான் உயர்வாகக் கருதுவதற்குக் காரணம், எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த வேறொரு படத்தோடு அதை ஒப்பிடும்போது விளங்கும். ஜொவான்னி பத்தீஸ்தா ஃபால்தா, திருத்தந்தை ஏழாம் அலெக்சாண்டரின் கட்டடப் பணிகளைப் போற்றும் அச்சுப்படத் தொகுதியை 1665-இல் வெளியிட்டார். பரோக் அச்சுக்கலையின் முதிர்ந்த கனி அது. கோடுகள் மென்மையானவை, வெளிச்சமும் நிழலும் அளவறிந்து அமைந்தவை, வானில் மேகங்கள், முற்றத்தில் குதிரை வண்டிகள், உலாவும் சீமான்கள்.

அதில் பேதுரு பேராலய முற்றமும் உண்டு. பெர்னினி வடிவமைத்த தூண் வரிசைகளின் பணி 1657-இல் தொடங்கியது. ஃபால்தாவின் படம் வந்தபோது அப்பணி இன்னும் முடியவில்லை. ஆனால் படத்தில் எல்லாம் முடிந்திருக்கிறது. முற்றத்தின் நுழைவாயிலை மறித்து நிற்கவேண்டும் என்று பெர்னினி எண்ணியிருந்த மூன்றாவது தூண் வரிசையும் அங்கே நிறைவாக நிற்கிறது. 1667-இல் அலெக்சாண்டர் இறந்தார். அந்த மூன்றாவது பகுதி கட்டப்படவே இல்லை. படத்தைக் கையில் ஏந்தி உரோமைக்குச் சென்ற திருப்பயணி அதைத் தேடியிருந்தால் வெறும் வெளியைத்தான் கண்டிருப்பார்.

ஃபால்தா பொய் சொன்னார் என்று கூறுவது நேர்மையாகாது. கலைஞரின் எண்ணம் முழுமையாக எப்படி இருந்தது என்பதை அவர் காட்டினார்; அப்படம் இல்லையேல் பெர்னினியின் கனவு நமக்கு இத்துணைத் தெளிவாக விளங்கியிராது. ஆனால் அந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. சாரம் மறைந்தது, கல்தச்சர் மறைந்தனர், செலவும் தாமதமும் ஐயமும் மறைந்தன. உலா வருபவர்களுக்கு அங்கே இடம் உண்டு, கட்டியவர்களுக்கு இல்லை. முடிந்துபோனதாகக் காட்டும் படம் உழைப்பவரை முதலில் வெளியேற்றுகிறது. முடியாததைக் காட்டும் படமோ, எறும்பளவாகவேனும் அவர்களை உள்ளே வைத்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கலைநயத்தில் மட்டுமன்று, அறத்திலும் உண்டு.

இந்த இரண்டாம் வகைப் படம் நமக்குப் புதியதன்று. புதிய ஆலயம் கட்ட முனையும் பங்குகளில் முதலில் அச்சாவது நன்கொடை ரசீதுப் புத்தகம். அதன் மேலட்டையில் வரவிருக்கும் ஆலயத்தின் படம் இருக்கும். இரு கோபுரங்களும் மணிக்கூண்டும் வண்ணத்தில் மின்னும். மக்கள் மனத்தில் ஆவலை எழுப்ப அது தேவைதான். ஆனால் அந்தப் படமே கட்டி முடித்த பின்னும் நினைவாக நிலைத்துவிடுகிறது. இடையிலிருந்த ஆண்டுகள் எங்கும் பதிவாவதில்லை.

அந்த ஆண்டுகளை மறைப்பதில் ஆன்மிக இழப்பும் இருக்கிறது. பேதுரு பேராலயத்துக்காக நிதி திரட்டத் திருத்தந்தை பத்தாம் லியோ 1515-இல் அறிவித்த ஞானப்பலன், செர்மனியில் விற்பனைச் சரக்காகச் சீரழிந்ததும், 1517-இல் மார்ட்டின் லூத்தர் அதை எதிர்த்ததும், கிறிஸ்தவம் பிளவுண்டதும் நாமறிந்த வரலாறு. குவிமாடத்தை மட்டும் காட்டும் படம் இதை நினைவூட்டாது. தலையற்று நிற்கும் அந்த வட்டச்சுவரோ நம்மை நோக்கி, ‘நான் யார் பணத்தில், யார் முதுகில் எழுந்தேன்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நம் மண்ணின் கல்லும் பெயரும்

கிருஷ்ணகிரி மண்ணில் வாழும் நமக்கு இக்கேள்வி தொலைதூரத்ததன்று. பர்கூரிலிருந்து தேன்கனிக்கோட்டைவரை இப்பகுதியின் பாறைகள் கிரானைட்டாக அறுபட்டு உலகெங்கும் செல்கின்றன. வத்திக்கான் முற்றத்தில் நிற்கும் தூணும் கிரானைட் இனமே. கல்லைப் பிளப்பது எத்தகைய உழைப்பு என்பதும், கல்தூசி நுரையீரலில் படிந்தால் என்ன ஆகும் என்பதும் இங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்குப் பட்டறிவு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூர் வளர்ந்த வேகத்தையும் கண்டோம். 1997-இல் சேலத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தபோது இப்பகுதிப் பங்குகள் அதில் இணைந்தன. இன்று இவ்வட்டாரத்தின் கட்டடங்களில் சாரத்தின்மேல் நிற்பவருள் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் பலர். நம் ஆலயத்துக்குக் கூரை வார்த்தவர், திருமுழுக்குப் பெற்றும் நம் மொழித் திருப்பலியில் பங்கேற்க இயலாத ஒருவராகவும் இருக்கலாம்.

ஆலயம் முடிந்ததும் வாயிலருகே பளபளக்கும் கருங்கல்லில் ஒரு கல்வெட்டைப் பதிக்கிறோம். அர்ச்சித்த ஆயரின் பெயரும், பங்குத்தந்தையின் பெயரும், பெருந்தொகை வழங்கியோரின் பெயர்களும் அதில் இடம்பெறுகின்றன. அவை இருக்க வேண்டியவையே. ஆனால் அக்கல்லைப் பிளந்தவர், மெருகிட்டவர், எழுத்தைப் பொறித்தவர் ஆகியோரின் பெயரை அக்கல் அறிவதில்லை. உரோமையின் அச்சுப்படத்தில் உழைப்பாளருக்கு உருவம் உண்டு, பெயர் இல்லை. நம் கல்வெட்டுகளில் அவருக்கு உருவமும் இல்லை, பெயரும் இல்லை.

இதே மண்ணின் பழைய வழக்கம் வேறு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும், இம்மாவட்டத்தின் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்களைக் காணலாம். ஆநிரை மீட்கும் போரிலோ, ஊர் காக்கும் போரிலோ உயிர்விட்டவனுக்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. கையில் வில்லும் வாளும் ஏந்திய அவனது உருவம் புடைப்பாக இருக்கும். எழுத்துள்ள கற்களில் அரசனின் ஆட்சியாண்டோடு, விழுந்துபட்ட வீரனின் பெயரும் அவன் செயலும் பொறிக்கப்பட்டிருக்கும். அரசன் பெயர் அங்கே காலத்தைக் குறிக்கவே வருகிறது. கல் எழுந்தது வீரனுக்காக. சாதாரண மனிதனுக்கு உருவமும் பெயரும் சேர்த்து அளித்த இந்தக் கலை, உரோமை அச்சுப்படத்தின் குறையை அதற்கு முன்பே நிறைவு செய்துவிட்டது எனலாம்.

மறைநூலும் இந்த இரு வழிகளையும் நம்முன் வைக்கிறது. அரசர்கள் முதல் நூலில் சாலமோன் கட்டிய கோவிலுக்காகக் கட்டாய வேலைக்கு எடுக்கப்பட்டவர் 30,000 பேர், சுமை சுமந்தவர் 70,000 பேர், மலையில் கல் வெட்டியவர் 80,000 பேர். அவர்கள் எண்களாக மட்டுமே நிற்கின்றனர். கோவில் எழுந்த இடத்தில் சுத்தியலின் ஓசையே கேட்கவில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. கற்கள் வெளியிலேயே செதுக்கிக் கொணரப்பட்டனவாம். ஃபொந்தானாவின் மௌனத்துக்கு அது தொன்மையான முன்னோடி. சாலமோனின் மறைவுக்குப் பின் அவன் அரசு பிளவுபடக் காரணமானதும் அந்தக் கட்டாய உழைப்பின் சுமையே.

நெகேமியா நூலின் 3-ஆம் அதிகாரமோ வேறு வகையானது. எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தவர்களை வாயில் வாயிலாக, பகுதி பகுதியாக அது பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. பொற்கொல்லரும் நறுமணத் தைலம் செய்வோரும் அதில் உண்டு. தம் புதல்வியரோடு வந்து மதில் கட்டிய தந்தை ஒருவரும் உண்டு. வேலைக்குத் தோள் கொடுக்காத தெக்கோவாவூர் மேன்மக்களையும் அது மறக்காமல் குறித்து வைத்திருக்கிறது. வாசகங்களில் நாம் அரிதாகவே கேட்கும் வறண்ட பட்டியல் அது. ஆயினும் ஒரு கட்டடத்துக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த கல்வெட்டு அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கையாளரை உயிருள்ள கற்களாகக் காண்பது பேதுருவின் முதல் திருமுகம். அவர் பெயரால் எழுந்த பேராலயத்தின் அச்சுப்படம் ஒன்றில், உயிருள்ள கற்கள் அடையாளமற்ற புள்ளிகளாய் நிற்பது எத்தகைய முரண்! அந்த முரணைத் தீர்க்கும் வாய்ப்பு உரோமைக்கு இனி இல்லை, நமக்கு உண்டு. அடிக்கல் நாட்டும் நாளிலிருந்து பணியின் ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து வைக்கலாம். கொத்தனார், சித்தாள், கல் ஏற்றி வந்த ஓட்டுநர், மின்பணியாளர் ஆகியோரின் பெயரையும் ஊரையும் பங்கின் நாளேட்டில் எழுதலாம். அர்ச்சிப்பு நாளின் திருப்பலியில் அவர்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்தலாம். ஆலய முகப்பில், நிறைவுற்ற கோபுரத்தின் படத்துக்கு அருகே, சாரம் கட்டிய நிலையிலுள்ள படம் ஒன்றையும் தொங்கவிடலாம். செலவு அதிகமில்லை.

குவிமாடம் எழாத பேதுரு பேராலயத்தைக் காட்டும் அந்தப் பழைய தாள் நமக்குத் தரும் பாடம் இதுவே. முடிந்த கோபுரத்தை வியக்க நமக்குப் பயிற்சி தேவையில்லை. முடியாத சுவரின் அடியில் வடம் பிடித்து நிற்பவரைக் காணத்தான் கண்ணைப் பழக்கவேண்டும். அப்படிப் பழகிய கண்ணுடன் நாம் கட்டும் அடுத்த ஆலயத்தைப் பார்த்தால், சாரத்தின்மேல் நிற்பவரின் பெயரைக் கேட்க நாக்குத் தயங்காது.